விலாசங்கள் மோதிக்கொள்ளும் அட்டவணை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கோயிலின் புள்ளிக் கணக்குக்காக (புள்ளி என்பது கோயிலுக்கு வரி செலுத்தும் குடும்ப அலகு) சி என்ற நிரல் மொழியில் ஒரு ஹாஷ் அட்டவணை, அதாவது பெயரை எண்ணாக்கி அந்த எண் காட்டும் இடத்தில் சேமிக்கும் அமைப்பு, எழுதியிருக்கிறேன். பெயரின் பைட்டுகளைக் கூட்டி, அட்டவணையின் அளவால் வகுத்து, மீதியை இடமாகக் கொள்கிறேன். ஒரே இடத்துக்கு வருபவற்றைச் சங்கிலியாகக் கோக்கிறேன். பெயர்கள் கூடக் கூடத் தேடல் மந்தமாகிறது. இடங்களை நான்கு மடங்காக்கியும் பயனில்லை. பெயர்களை வரிசையாகக் கிளைகளில் வைக்கும் மர அமைப்புக்கு மாறிவிடலாமா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம். பெயர்களை அகரவரிசையில் அச்சிட வேண்டுமென்றால், அச்சிடும்போது வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பழுது உங்கள் அட்டவணையில் இல்லை, பெயரை எண்ணாக்கும் முறையில் இருக்கிறது.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் பகுதியில் அதே சில பெயர்களே இடம் மாறி மாறி விலாசங்களில் (பெயருக்கு முன் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கங்களில்) வருகின்றன, ‘ராம.சுப.மெய்யப்பன்’, ‘சுப.ராம.மெய்யப்பன்’ என்ற இருவருக்கும் கூட்டுத்தொகை ஒன்றுதான். இதைவிடப் பெரிய சிக்கல், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் உள்ளது. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்தோ, அதனுடன் சேரும் துணைக்குறியோ) 3 பைட்டுகள்: முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது மட்டுமே 128 முதல் 191 வரை மாறும். ஆகவே ஒரே நீளமுள்ள பெயர்களின் கூட்டுத்தொகைகள் குறுகிய வரம்புக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. நீங்கள் சேர்த்த புதிய இடங்களில் பெரும்பாலானவை காலியாகவே கிடந்திருக்கும்.

கூட்டலுக்குப் பதிலாக எஃப்என்வி-1ஏ (FNV-1a) என்ற ஹாஷ் முறையைக் கையாளுங்கள். கூட்டல், கழித்தல் குறியில்லாத (unsigned) 32 பிட் எண்ணை 2166136261 என்று தொடங்கி, ஒவ்வொரு பைட்டையும் அதனுடன் எக்ஸ்ஆர் (XOR, பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0) செய்து, உடனே 16777619 ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டுக்குப் பிறகும் பெருக்குவதால், முன்பின்னாக வரும் எழுத்துகள் வெவ்வேறு எண்களைத் தரும். கிடைத்த எண்ணைப் பெயருடனேயே சேமித்துவையுங்கள்: சங்கிலியில் தேடும்போது எண் ஒத்தால் மட்டும் பெயரை ஒப்பிட்டால் போதும், அட்டவணையை விரிக்கும்போதும் மறுபடி கணக்கிட வேண்டியிராது. ஜாவா மொழியுடன் வரும் ஹாஷ் அட்டவணையான ஹாஷ்மேப் முக்கால் பங்கு நிறைந்ததும் இரு மடங்காகிறது. உங்களுக்கும் அந்த அளவு பொருந்தும்.

இன்னொன்றை அவசியம் கவனியுங்கள். ‘சொக்கலிங்கம்’ என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் வழங்கும் தரமான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. அட்டவணைக்கோ அவை இரு வேறு பெயர்கள், ஒரே புள்ளி இருமுறை பதிவாகி வரியும் இருமுறை விழும். எனவே பெயரைச் சேர்க்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் சீர்வடிவத்துக்கு) மாற்றிய பிறகே ஹாஷ் கணக்கிடுங்கள்.