பெட்டியில் ஏன் சீட்டு விழவில்லை?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவள். 400 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆலோசனைப் பெட்டி வைத்தேன். நான்கு மாதத்தில் ஒரே ஒரு சீட்டு, பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று. யார் என்ன பேசுகிறார்கள் என்று மேனேஜர் வேறு என்னைக் கேட்கிறார். தொழிலாளர்கள் என்னை நம்ப என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: சூப்பர்வைசர் ஒரு டெய்லரை மிரட்டும்போது என்ன சொல்கிறார் என்று கவனித்தீர்களா? "ஹெச்.ஆர். ரூமுக்குப் போ" என்பார். உங்கள் அறைக்கு வந்தவர்கள் மெமோவோடுதான் திரும்பியிருக்கிறார்கள். அப்புறம் பெட்டி எப்படி நிறையும்?

பஞ்சாலை ஒன்றில் பர்சனல் ஆபீசராக இருந்தவன் நான். என்னைக் கண்டால் கேட்டுக்கு வெளியே நிற்பவர்கூடப் பீடியை மறைப்பார். சம்பள நாளில் கேட் அருகே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். "பிடித்தம் புரியாதவர்கள் வாருங்கள்" என்றேன். முதல் மாதம் மூன்று பேர் வந்தார்கள். நான்காம் மாதம் வரிசையே நின்றது.

நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் பி.எஃப். 12 சதவீதம், 1,680. மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105. கைக்கு வருவது குறைகிறதே என்று புழுங்குபவரிடம், நிர்வாகமும் பி.எஃப்.புக்கு அதே 12 சதவீதம் கட்டுகிறது, அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது என்று அவருடைய சம்பளச் சீட்டிலேயே பேனாவால் எழுதிக் காட்டுங்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதைக் கணக்குப் பிரிவில் போய்க் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். கணக்கில் ஒற்றை எழுத்து. கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயர் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும். பெயர்த் திருத்தத்துக்குச் சிலருக்கு நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவைப்படும். அதற்காக அவர் அரை நாள் கூலியை விட்டு அலையக் கூடாது. இப்படிப் பத்துப் பேருக்கு முடித்துக் கொடுங்கள். டெய்லர்களுக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்கள் தாங்களாகவே உங்களைத் தேடி வருவார்கள்.

வந்தவர்களிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். நீங்கள் நிர்வாகத்தின் சம்பளம் வாங்குகிறவர், அது அவர்களுக்கும் தெரியும். யாரிடம் போகும், எதற்காகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியல் தொந்தரவு பற்றிய பேச்சு என்றால் அதை விசாரிக்கக் கம்பெனியில் உள்ளகக் குழு இருக்கிறது, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, எழுதவும் உதவுங்கள். சமாதானம் பேசி அனுப்பிவிடும் கெட்ட பழக்கம் நம் துறையில் உண்டு.

மேனேஜருக்கு விஷயத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "செக்கிங் பிரிவில் ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகு பஸ் கிடைப்பதில்லை" என்பது தகவல். அதைச் சொன்னது யார் என்பது கோள். முதல் தடவை முகம் சுளிப்பார், பழகிவிடும்.

பெட்டியில் விழுந்த அந்த ஒரு சீட்டைப் பற்றி எழுதினீர்கள். தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று எழுதவில்லையே?