0.9 பெரிதா, 3.2 பெரிதா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 53. கொளத்தூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மூன்று வருடங்களாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்). ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் அதற்கான மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், இன்னொரு நாள் ஃபோலிக் ஆசிட் சாப்பிடுகிறேன். வழக்கமாகப் போகும் லேப் பூட்டியிருந்ததால், இந்த முறை திங்கட்கிழமை காலை வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தேன். ஈ.எஸ்.ஆர். 48. சி.ஆர்.பி. நான்கு மாதங்களுக்கு முன் 0.9, இப்போது 3.2. ஆர்.ஏ. ஃபேக்டர் 86. ஹீமோகுளோபின் 9.8. ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி. 52. நோய் முற்றிவிட்டது, மாத்திரையைக் கூட்டச் சொல் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஈரல் கெட்டுவிட்டது, உடனே நிறுத்து என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கோ கை வலி முன்பைவிடக் குறைவுதான். காபி ஃபில்டரின் மேல் அடுக்கை இப்போது நானே கழற்றுகிறேன். டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன். கூட்டுவதா, நிறுத்துவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். மூன்று வாரங்களுக்கு இப்போது சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த 3.2, எல்லை தாண்டிய எண்ணுக்கான தடித்த எழுத்தில்கூட இல்லை. உடலில் அழற்சி (உள்வீக்கம்) இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம் சி.ஆர்.பி. பழைய லேப் அதை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கிறது. புதிய லேப் ஒரு லிட்டருக்கு இத்தனை என்று கொடுக்கிறது. டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் உங்கள் பழைய 0.9, புதிய லேபின் கணக்கில் 9. ஒன்பதிலிருந்து 3.2-க்கு இறங்கியிருக்கிறது. நீங்கள் ஏறிவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறீர்கள்! உங்கள் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பத்தாறு அங்குல மார்பளவை யாராவது முப்பத்தாறு சென்டிமீட்டர் என்று வெட்டுவார்களா? எண்ணுக்கு வலப்பக்கத்தில் பொடி எழுத்தில் அளவு முறையும், அதற்கடுத்து அந்த லேபின் எல்லையும் இருக்கும். பழையதில் 0.5-க்குக் கீழ், புதியதில் 5-க்குக் கீழ் என்று இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு எண்ணுக்கு வாருங்கள். முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள்.

சி.ஆர்.பி. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மூட்டுக்கென்று பிறந்த சோதனை அல்ல அது. சொத்தைப் பல் சீழ் கட்டினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். சில மணி நேரத்தில் ஏறி, காரணம் தீர்ந்தால் சில நாட்களில் இறங்கிவிடும்.

ஈ.எஸ்.ஆர். அப்படியில்லை, மந்தம். நான் மாணவியாக இருந்த காலத்தில் சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில் அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தை 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஆடாமல் அசையாமல் நிற்க வைப்பார்கள். சிவப்பு அணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தெளிவு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்போம், அதுதான் ஈ.எஸ்.ஆர். வெஸ்டர்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 1921-ல் வகுத்த முறை. உடலில் அழற்சி இருந்தால் அணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்து, வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் வேகமாகத்தான் இறங்கும். வயது ஏறினாலும் எண் ஏறும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவது உத்தேசமான மேல் எல்லை. உங்களுக்கு அது முப்பத்தொன்றரை. 48 அதைவிட அதிகம்தான். ஆனால் சி.ஆர்.பி. இறங்கியிருக்க, ஹீமோகுளோபின் 9.8 ஆக இருக்க, நான் முதலில் சந்தேகப்படுவது மூட்டை அல்ல, சோகையை.

அந்த ரிப்போர்ட்டில் எனக்குக் கவலை தரும் எண் அந்த 9.8-தான். அதைப் பற்றி அக்காவும் பேசவில்லை, வீட்டுக்காரரும் பேசவில்லை. நம் வீடுகளில் பெண்ணின் ரத்தசோகை யார் கண்ணிலும் படுவதில்லை. நாள்பட்ட அழற்சியால் மட்டுமே சோகை வரலாம். மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்தும் வரலாம். நீங்கள் வலி மாத்திரை பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாதவர்களைத்தான் நான் இரண்டு முறை கேட்பேன். மலம் தார்போல் கறுத்துப் போனால் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த சோதனையில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் எண்) சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறி நிற்கும், இரும்புச்சத்துக் குறைவை மறைத்துவிடும். எண் எல்லைக்குள் வந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அதற்கான பணத்தை ஆர்.ஏ. ஃபேக்டரில் மிச்சம் பிடிக்கலாம். நோயைக் கண்டுபிடிக்கும்போது அது உதவும். கண்டுபிடித்த பிறகு மாதாமாதம் பார்ப்பதில் பயனில்லை. வலி தீர்ந்து நீங்கள் மாமல்லபுரம் வரை நடந்தாலும் அது 86 என்றே நிற்கலாம். இந்த நோயே இல்லாத சிலருக்கும், குறிப்பாக வயதானவர்களுக்கு, பாசிட்டிவ் வரும். சரவாங்கி என்று என் பாட்டி சொன்ன இதே நோய் முற்றியவர்கள் சிலருக்கு நெகட்டிவாகவும் வரும்.

இனி ஈரல். ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்ஸேட், திங்கள் காலை ரத்தப் பரிசோதனை. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஓரிரு நாட்களுக்கு எஸ்.ஜி.பி.டி. சற்று ஏறி, பிறகு தானே இறங்குவது உண்டு. உங்கள் 52, அந்த லேபின் எல்லையான 40-ஐத் தாண்டிக் கொஞ்சம்தான். அடுத்த முறை வெள்ளியோ சனியோ, அதாவது அடுத்த மாத்திரைக்கு முன்பாக, ரத்தம் கொடுங்கள். உங்கள் டாக்டருக்குப் போன் செய்து இந்த எண்ணையும் ரத்தம் எடுத்த கிழமையையும் இப்போதே சொல்லிவிடுங்கள். எஸ்.ஜி.பி.டி. எல்லையைப்போல் மூன்று மடங்கு வந்தாலோ, வெள்ளை அணுக்கள் குறைந்தாலோ, வாயில் புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தாலோ அன்றே போய்ப் பாருங்கள். அவரைப் பார்க்கும்வரை அந்த வார மாத்திரையைப் போடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்துப் போகும்போது அவர் உங்கள் விரல், மணிக்கட்டு, முட்டி என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்பார். அந்த ஃபில்டர் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த வரி அதுதான்.

கேள்வி: வயது 41. கம்பெனியில் செய்த ஹெல்த் செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.6. வலி எதுவும் இல்லை. என் மனைவி சாம்பாரில் பருப்பை நிறுத்திவிட்டார். சரியா? (தாம்பரம் வாசகர்)

பதில்: அவரிடம் என் வேண்டுகோளைச் சொல்லிப் பருப்பைத் திரும்ப வாங்குங்கள். யூரிக் ஆசிட் அதிகமுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வலி) வருவதே இல்லை. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதபோது எண்ணுக்காக மட்டும் பொதுவாக மாத்திரை தருவதில்லை. பருப்பு கவுட்டைத் தூண்டுவதாகத் தெரியவில்லை. ஆட்டு ஈரல், பீர், சர்க்கரை கரைத்த குளிர்பானம் ஆகியவைதான் தூண்டும். இவற்றில் எதைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவற்றில் சில யூரிக் ஆசிட்டை ஏற்றும். ஒரு நாள் நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலற வைத்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அன்றைக்கு யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் நம்பிவிடாதீர்கள், கவுட் தாக்கும் நேரத்தில் அது இறங்கியிருப்பது உண்டு. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.