சாண்டோரினியில் அறைக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குச் செல்ல இருக்கிறோம். 70 வயதாகும் என் மாமியாரும் உடன் வருகிறார். அவருக்கு மூட்டுவலி உண்டு. ஓயா என்ற ஊரில், மலைச்சரிவில் இருக்கும் ஐந்து நட்சத்திர பூட்டிக் ஹோட்டல் (தனிப்பாணியில் அமைந்த சிறு ஹோட்டல்) ஒன்றில், நான்கு இரவுகளுக்கு இரண்டு 'குகை அறைகளை'ப் பார்த்து வைத்திருக்கிறோம். எங்கள் அறைக்குத் தனி நீச்சல் குளமும் உண்டு. இப்போதே முழுத் தொகையையும் கட்டினால் 15 சதவீதம் குறைத்துத் தருகிறார்கள். ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது. கட்டிவிடலாமா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதலில் உங்கள் மாமியாரின் முழங்காலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

ஓயாவின் சரிவில் இருக்கும் ஹோட்டல்களுக்கு வாசல் வரை கார் செல்லாது. ஊரின் ஓரத்தில் இறங்கி, நடைபாதை வழியே வந்து, அங்கிருந்து படிகளில் இறங்க வேண்டும். பெட்டிகளை ஹோட்டல் ஆட்கள் தோளில் சுமந்து கொண்டுவருவார்கள். படிகள் ஒரே உயரமாக இருப்பதில்லை, பல இடங்களில் கைப்பிடியும் கிடையாது, மின்தூக்கி என்பது அரிது. இறங்கியவர் ஒவ்வொரு முறை வெளியே செல்லும்போதும் அத்தனை படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். ஆகவே, 'எங்களுக்குத் தரவிருக்கும் இந்த அறைக்குச் சாலையிலிருந்து எத்தனை படிகள், காலை உணவு பரிமாறும் இடத்துக்கு எத்தனை படிகள்' என்று எண்ணிக்கையாகவே கேட்டு, மின்னஞ்சலில் பதில் பெறுங்கள். 'சில படிகள்தான்' என்று பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்தால், மூவரும் தீவின் கிழக்குக் கரையில் சமதரையாக உள்ள கமாரியில் தங்கி, ஒரு மாலை மட்டும் ஓயாவுக்குச் சென்று வருவதே அந்த அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, நீங்கள் பார்த்திருக்கும் அந்தக் குகை அறை. எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணைக் குடைந்து, வளைந்த கூரையுடன் அமைத்த பழைய வீடுகளே அவை. 1956ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவற்றில் பல சேதமடைந்து, பிற்காலத்தில் சீர்செய்யப்பட்டன. முகப்பின் நடுவே ஒரு கதவு, அதன் இரு பக்கமும் இரண்டு சன்னல்கள், கதவுக்கு மேலே ஒரு சிறு திறப்பு: வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் உள்ளே வர வேண்டும். வெயில் காலத்தில் உள்ளே குளுமையாக இருக்கும் என்பது உண்மை. அதே சுவர்களில் ஈரம் தங்கும் என்பதும் உண்மை. எனவே படுக்கை எங்கே இருக்கிறது, அங்கே சன்னல் உண்டா என்று கேளுங்கள். குளத்தைப் பொறுத்தவரை, நீளம், ஆழம், நீர் சூடாக்கப்படுகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். 'தனிக் குளம்' என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் மொட்டை மாடியின் ஓரத்தில் உள்ள சிறிய தொட்டிதான். மேலே உள்ள பாதையில் நடப்பவர்களின் பார்வை அதன் மீது விழுமா என்பதும் முக்கியம்.

காட்சியைக் குறிக்கும் சொற்களிலும் கவனம் தேவை. 'கால்டெரா காட்சி' என்றால் எரிமலை வெடித்து உள்வாங்கிய, கடல்நீர் நிரம்பிய பெரும் பள்ளத்தை நோக்கியது. 'கடல் காட்சி' என்பது தீவின் எந்தப் பக்கத்துக் கடலாகவும் இருக்கலாம். ஓயாவில் கால்டெரா தெற்கே இருக்க, கோடையில் சூரியன் வடமேற்கே மறைவதால், கால்டெராவைப் பார்த்த எல்லா அறைகளிலிருந்தும் அந்தி தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி 15 சதவீதத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கும் பலவற்றுக்கு 14 நாள்களுக்குள் விலகும் உரிமை உண்டு; ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு அது பொருந்தாது. அங்கே பயணத் தொகுப்பாக (விமானம், தங்குமிடம் போன்றவற்றைச் சேர்த்து ஒன்றாக) வாங்குபவர்களுக்கு, செல்லுமிடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் ஏற்பட்டால் முழுப் பணத்துடன் விலகச் சட்டம் இடம் தருகிறது; அறையை மட்டும் தனியே பதிவு செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கங்களால் பல்லாயிரம் பேர் அந்தத் தீவைவிட்டு வெளியேறினார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவும் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்றால், அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து, ரத்து செய்யக்கூடிய விலையிலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இணையத்தில் காட்டும் விலைக்கு மேல் அங்கே போய்க் கட்ட வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. கிரேக்க அரசு 'காலநிலை நெருக்கடி' கட்டணம் ஒன்றை ஹோட்டல்கள் வழியாக வசூலிக்கிறது. 2025 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 10 யூரோ. இது தலைக்கு அல்ல, அறைக்கு. உங்கள் இரண்டு அறைகளுக்கு நான்கு இரவுகளில் 120 யூரோ ஆகும். பெரும்பாலும் இது முன்பதிவுத் தொகையில் சேர்வதில்லை. 'பூட்டிக்' என்ற சொல்லை வைத்து நட்சத்திரத்தை ஊகிக்காமல், எத்தனை நட்சத்திரம் என்பதை ஹோட்டலிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வண்டிக்குத் தனிக் கட்டணமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். அட்டையில் பணம் செலுத்தும்போது இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், அந்த இயந்திரத்தை நடத்துபவர் தன் லாபத்தையும் சேர்த்து நிர்ணயித்த மாற்று விகிதத்தில் பணம் பிடிக்கப்படும்.