செயற்கை மூட்டு வைத்த பின் முழங்கால் சில்லு விலகுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன, ஐயா. படி இறங்கும்போது சில்லு வெளிப்பக்கம் நழுவிக் கால் மடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் குறையில்லை என்கிறார்கள்.

பதில்: எந்த எக்ஸ்ரே? நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களில் இது தப்பிவிடும். முழங்காலை மடக்கிவைத்து, தொடை எலும்பின் பள்ளத்தில் சில்லு எப்படி அமர்ந்திருக்கிறது என்று காட்டும் ‘ஸ்கைலைன்’ படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் சில்லு சாய்ந்திருந்தால் அடுத்தது சிடி ஸ்கேன். தொடை எலும்பிலோ கீழ்க்கால் எலும்பிலோ பொருத்திய பாகம் உட்புறம் திரும்பியிருப்பது இதற்கு முக்கியக் காரணம். 1998இல் பெர்கர் என்ற எலும்பு அறுவை மருத்துவரின் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். இரு பாகங்களின் உட்திருப்பமும் சேர்ந்து 1 முதல் 4 டிகிரி இருந்தவர்களுக்குச் சில்லு லேசாகச் சாய்ந்தது. 7 முதல் 17 டிகிரி இருந்தவர்களுக்கு முழுதாக விலகியது, அல்லது சில்லில் பொருத்திய பாகம் பழுதானது. திருப்பத்தை அளக்காமல் இரண்டாவது அறுவைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எந்தத் தைலம் தடவலாம்?

பதில்: எந்தத் தைலமும் சில்லை இடத்தில் நிறுத்தாது.

கேள்வி: எனக்கு நழுவவில்லை. காலை நீட்டும்போது ‘டக்’ என்கிறது.

பதில்: சில்லின் மேல்விளிம்பில் வளர்ந்த தழும்புத்திசு, செயற்கை மூட்டில் சிக்கி விடுபடும்போது அப்படிக் கேட்கும். வலித்தால் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவி செலுத்திச் செய்யும் அறுவை) மூலம் நீக்கலாம்.

கேள்வி: ஸ்கேன் எதற்கு? என் மாமாவுக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிட்டது. உங்களுக்கெல்லாம் அறுவை செய்வதிலேயே குறி.

பதில்: தொடைத் தசை வலுவிழந்ததுதான் காரணமென்றால் பயிற்சி போதும். நானும் முதலில் அதைத்தான் எழுதித் தருவேன். திரும்பிய உலோகத்தைப் பயிற்சி திருப்பாது.

கேள்வி (அவரே): அப்படியானால் சில்லை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைநாரைத் தளர்த்தினால் போதாதா?

பதில்: நல்ல கேள்வி. உலோகம் சரியாக அமர்ந்து, அந்தத் தசைநார் மட்டும் இறுகியிருந்தால் போதும். அதிலும் ஆபத்து உண்டு. சில்லுக்கு இரத்தம் தரும் தமனிகளில் ஒன்று அவ்வழியே செல்கிறது. அது வெட்டுப்பட்டால் எலும்பு நலிந்து உடையக்கூடும். உலோகமே திரும்பியிருந்தால், எத்தனை முறை தளர்த்தித் தைத்தாலும் சில்லு மறுபடி விலகும். அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றத்தான் வேண்டும். எது காரணம் என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பதற்காகவே ஸ்கேன் கேட்கிறேன்.

கேள்வி: எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

பதில்: தைலத்துக்குச் சொன்னதே எண்ணெய்க்கும். நீவவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு என்ன உணவு?

பதில்: உங்கள் நீரிழிவு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மூட்டு மாற்றிய அப்பா நேற்று விழுந்துவிட்டார். காலை நீட்டித் தூக்க முடியவில்லை. அடுத்த வாரம் காட்டலாமா?

பதில்: இன்றே போங்கள். சில்லு உடைந்திருக்கலாம், தசைநாண் அறுந்திருக்கலாம். நாள் தள்ளினால் சரிசெய்வது கடினம். காலை நேராக வைத்துக் கட்டி, ஊன்றவிடாமல் கூட்டிச்செல்லுங்கள்.