யெரெவானில் கை கடிக்காமல் சாப்பிட: கேள்வி பதில்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். உள்ளூர்ச் சாப்பாடு, அதிகச் செலவில்லாமல் எங்கே கிடைக்கும்?

அமிரியன் தெருவில் இருக்கும் பண்டோக் யெரெவான் என்ற உணவகத்துக்குப் போங்கள், அம்மா. உள்ளூர்க் குடும்பங்களும் வெளியூர்க்காரர்களும் கலந்து உட்காரும் இடம். சாயங்காலம் பாட்டும் கூட்டமும் இருக்கும். நிதானமாகச் சாப்பிட மதியம் வசதி. ஆளுக்கொரு தட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு கறி, ஒரு சாலட், ஒரு தட்டு சீஸும் பச்சிலையும், கூடவே லவாஷ் ரொட்டி. எல்லாவற்றையும் நடுவில் வைத்து எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பில்லும் குறையும், நாலு ருசியும் பார்க்கலாம்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

நிச்சயமாக இல்லை. ஆர்மீனியத் திருச்சபையில் தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விலக்குவார்கள். அதனால் சைவச் சமையல் அங்கே நூற்றாண்டுகளாக உண்டு. பாசுட்ஸ் தோல்மா கேளுங்கள்: கொண்டைக்கடலை, பீன்ஸ், பருப்பு, கோதுமை எல்லாம் முட்டைக்கோஸ் இலைக்குள் சுருட்டி வரும், ஆறிய பிறகு சாப்பிடுவது. ஜிங்கியாலோவ் ஹாட்ஸை விடவே கூடாது. ஆர்ட்சாக் (நாகோர்னோ-கராபாக்) பகுதியின் பண்டம் அது. மெல்லிய மாவுக்குள் பத்துப் பன்னிரண்டு வகைக் கீரையைப் பொடியாக நறுக்கி அடைத்து, ஓரத்தை மூடித் தட்டி, கல்லில் வாட்டித் தருவார்கள். பிய்த்ததும் கீரை மணம் ஆவியோடு வரும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். அவெலுக் என்ற காட்டுக்கீரையைப் பின்னல் போட்டு உலர்த்தி வைத்திருப்பார்கள். அதைப் பூண்டும் வால்நட்டும் சேர்த்துச் சமைப்பார்கள். சூப்பாக வந்தால் மட்டும் கறிச்சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிட மாட்டோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கரியடுப்பில் சுடும் ஹொரோவட்ஸ் பெரும்பாலும் பன்றி. திராட்சை இலைத் தோல்மாவின் கொத்துக்கறி பெரும்பாலும் மாடு. ஹாஷ் என்பது மாட்டுக்கால் சூப். கோழி ஹொரோவட்ஸ், மீன் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஹரிசா கேட்டால் கோழியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோதுமையையும் கறியையும் மணிக்கணக்கில் வேகவைத்து மசிப்பது அது.

காரமே இருக்காதாமே?

ஆமாம், மிளகாய்க் காரம் மிகவும் குறைவு. ஊறவைத்த நீள மிளகாய், ட்சிட்சாக் என்று, தனியாகக் கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வாயை அது இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சமையலின் ருசி பச்சிலையிலும் புளிப்பிலும்தான் இருக்கிறது. ஸ்பாஸ் என்ற தயிர் சூப் ஒரு கிண்ணம் குடித்தால் புரியும். கோதுமை போட்டுக் காய்ச்சி, மேலே கொத்தமல்லியோ புதினாவோ தூவித் தருவார்கள்.

லவாஷை எப்படிச் சாப்பிடுவது? முதலில் சாப்பிட்டுவிட வேண்டுமா?

வேண்டாம், வயிறு நிறைந்துவிடும். கையகலத் துண்டு கிழித்து, உப்புச் சீஸும் டாரகன் என்ற பச்சிலையும் வைத்துச் சுருட்டுங்கள். கறி வந்ததும் அதையும் அப்படியே. முடிந்தால் சுடுவதையும் பாருங்கள்: மாவை மெத்தை போன்ற பலகையில் இழுத்து விரித்து, தரையில் பதித்த தொனிர் அடுப்பின் சுவரில் ஒரே அடியாக அறைந்து ஒட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் போட்டு வெந்துவிடும். யுனெஸ்கோ 2014-ல் இந்த ரொட்டிக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குடிக்க, 'தான்' என்ற பானம் கேளுங்கள்; நம் மோர் போன்றது.

டிப்ஸ் எவ்வளவு?

பல இடங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும். பார்த்துவிட்டுக் கொடுங்கள்.