பேச்சே இல்லாத கதைக்குப் பிள்ளைகள் உட்காருவார்களா? வாசகர் கேள்வி பதில்

கோடை லீவு நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாலே நடனம் பற்றிய கேள்விகள் நிறைய. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்கு லீவுக்குப் போகிறோம். அண்ணி எங்கள் எல்லோருக்கும் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பாலேவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மேடையில் ஒருத்தர்கூட வாய் திறக்க மாட்டார்களாமே, பிள்ளைகளுக்கு என்ன புரியும்? பணம் வீணாகிவிடுமோ என்று இருக்கிறது.
– வாசகி, திருநகர்

தாராளமாகக் கூட்டிப் போங்கள். மகள் கண் கொட்டாமல் பார்ப்பாள், மகனுக்குத்தான் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும்.

நம் பக்கம் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்களே, முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வார் என்று தெரியாமலா ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? கதை தெரிந்ததால்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு வந்திருக்கும் ராஜபார்ட் எப்படிப் பாடுகிறார், தர்க்கத்தில் வள்ளி அவரை எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தான் அத்தனை கூட்டமும். பாலேவுக்கும் அப்படித்தான் போக வேண்டும். கதையை அங்கே போய்க் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் பத்தாவது நிமிடம் தண்ணீர் கேட்கும்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே படுக்கும்போது கதையைச் சொல்லி வையுங்கள். இளவரசி அரோராவுக்குப் பெயர் சூட்டு விழா, தேவதைகள் ஒவ்வொருவராக வந்து வரம் தருகிறார்கள். அழைப்பு விட்டுப்போன காரபாஸ் என்ற தேவதை கோபத்தோடு வந்து, இவள் வளர்ந்து விரலில் நூற்கும் கதிர் குத்திச் செத்துப்போவாள் என்று சாபம் விடுகிறாள். இன்னும் வரம் கொடுக்காமல் மிச்சமிருக்கும் லைலாக் தேவதை அந்தச் சாவை 100 வருடத் தூக்கமாக மாற்றுகிறாள். அப்புறம் இளவரசன் வருகிறான், எழுப்புகிறான், கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு வேறு தேவதைக் கதைகளிலிருந்து விருந்தாளிகளாக வருவது பூட்ஸ் போட்ட பூனை, சிவப்புத் தொப்பிச் சிறுமி, அவளைத் துரத்தும் ஓநாய், நீலப்பறவை. உங்கள் மகனுக்கு உயிர் வரும் இடம் அதுதான், ஆனால் அது கடைசி அங்கத்தில் வருகிறது. முழு நிகழ்ச்சி இடைவேளைகளோடு சேர்ந்து மூன்று மணி நேரத்தை ஒட்டிப் போகும். நடுவில், இளவரசன் கனவுபோல அரோராவைக் காணும் பகுதி மெதுவாக நகரும். அங்கே பையன் மடியில் தூங்கினால் தூங்கட்டும், கல்யாணத்துக்கு எழுப்பிவிடுங்கள்.

கைச் சைகைகள் நாலையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கையை முகத்தைச் சுற்றி வட்டமாகக் கொண்டுபோனால் அழகு. தலைக்கு மேலே இரண்டு கையும் ஒன்றையொன்று சுற்றி வந்தால் ஆட்டம். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். இரண்டு முஷ்டியையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் சாவு. காரபாஸ் சாபம் விடும்போது அழகும் சாவும் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பழைய முறைப்படி ஆடுகிற குழு என்றால் அந்த இடத்தில் ஒரு வசனத்தைப் படிப்பதுபோல அவள் கையைப் படித்துவிடலாம். இன்னொன்று, 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரீன்ஸ்கி அரங்கில் இது முதலில் அரங்கேறியபோது காரபாஸாக நடித்தவர் ஓர் ஆண், என்ரிக்கோ செக்கெட்டி. நம் ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பார்த்த ஊருக்கு இது ஆச்சரியமில்லை. ஆனால் அதே இரவில் அவரே நீலப்பறவையாகவும் பறந்து ஆடியிருக்கிறார், அதுதான் ஆச்சரியம்.

மகளுக்கு ஒரு இடத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். பிறந்தநாள் விழாவில் நான்கு இளவரசர்கள் வருவார்கள். அரோரா ஒற்றைக் கால் நுனியில் நின்றபடி ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டும், அந்த இடைவெளியில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்பாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சின்னக் குழந்தைகளை உள்ளே விடுவதில் அரங்கத்துக்கு அரங்கம் வயது விதி மாறும், அண்ணியிடம் டிக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தாமதமாகப் போனால் இடைவேளை வரை வெளியே நிற்க வைத்துவிடலாம், நேரத்துக்குப் போய்விடுங்கள்.

பேத்திக்கு 4 வயது. குட்டிப் பிள்ளைகளுக்கென்றே சுருக்கமான பாலே இருக்கிறது என்று லண்டனில் இருக்கும் மகள் சொல்கிறாள். அதற்குப் போகலாமா, இல்லை 'ஸ்வான் லேக்' போன்ற பெரிய நிகழ்ச்சிக்கே போய்விடலாமா?
– வாசகர், மேலூர்

சுருக்கமானதற்கே போங்கள் ஐயா. இங்கிலீஷ் நேஷனல் பாலே 2012 முதல் குழந்தைகளுக்கென்று தேவதைக் கதைகளைச் சுருக்கி, ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக, ஆடி வருகிறது. நார்தர்ன் பாலே என்ற இன்னொரு குழு ஏறக்குறைய 40 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. பிள்ளைகள் சத்தமாகக் கேள்வி கேட்டாலும் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். 'ஸ்வான் லேக்' அழகுதான், ஆனால் அன்னப் பெண்கள் ஆடும் பகுதி நீளம். முடிவில் காதலர் இருவரும் ஏரியில் விழுந்து சாகிற மாதிரி ஆடுகிறவர்களும் உண்டு. நாலு வயதுக்கு அது எதற்கு?

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு 'நட்கிராக்கர்' கதையை ஆட வைக்கிறோம். மூன்றாம், நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள். கால் நுனியில் நிற்கும் ஷூ ஆன்லைனில் கிடைக்கிறது, பெற்றோரை வாங்கச் சொல்லலாமா?
– ஆசிரியை, செல்லூர்

வேண்டாம் டீச்சர். கட்டாயம் வேண்டாம்.

அந்த ஷூவுக்குள் இரும்போ மரமோ இருக்கிறது, போட்டால் தானே நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக முனையில் இருப்பது துணியும் காகிதமும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு, பாதத்துக்கு அடியில் ஒரு விறைப்பான அட்டை, மேலே சாட்டின். வியர்வையிலும் ஆட்டத்திலும் அது நைந்துபோகும், பெரிய நடனக்காரர்கள் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவது உண்டு. நிறுத்துவது அவர்களுடைய கணுக்காலும் முதுகும் வயிறும்தான். சில வருடம் முறையாகப் பயின்ற பிறகு, 11, 12 வயதை ஒட்டித்தான் நல்ல ஆசிரியர்கள் அந்த ஷூவைத் தொடவே விடுவார்கள். எட்டு வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் சிமெண்ட் மேடையில்!

வெறுங்காலோடு, இல்லை மெத்தென்ற துணி ஷூவோடு ஆடட்டும். முதல் அங்கத்தில் வரும் அணிவகுப்பு இசை ரெண்டரை நிமிடம்கூட வராது, நடக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதற்கு ஆடலாம். எலிப் படைக்கும் பொம்மைச் சிப்பாய்களுக்கும் நடக்கும் சண்டையில் வகுப்பு முழுவதையும் மேடை ஏற்றிவிடலாம், ஒரு பிள்ளையைக்கூட ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரை தேவதையின் பாட்டில் மணி சிதறுவதுபோல ஒரு ஒலி வருமே, அது செலஸ்டா என்ற வாத்தியம். இந்த பாலேவுக்கு இசை எழுதிய காலத்தில் அது புத்தம்புதுசு. இசையமைத்த சைகோவ்ஸ்கி பாரிஸில் அதைக் கேட்டுவிட்டு, மற்ற இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்ளாதபடி ரகசியமாக ரஷ்யாவுக்கு வரவழைத்தார். 1892 டிசம்பரில் 'நட்கிராக்கர்' அரங்கேறியது. பிள்ளைகளிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள், அந்த இடம் வரும்போது காது கொடுப்பார்கள்.

பரதம் இருக்க, ராஜா ராணிக் கதைக்குக் கால் தூக்கி ஆடும் வெளிநாட்டு ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?
– வாசகர், உசிலம்பட்டி

ரஷ்யாவில் அன்னா என்ற ஏழைச் சிறுமியை அவள் அம்மா ஒரு நாள் பாலே பார்க்கக் கூட்டிப்போனார். அதே 'ஸ்லீப்பிங் பியூட்டி'தான். நானும் இப்படி ஆடுவேன் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். அவர்தான் பிற்பாடு உலகம் சுற்றி ஆடிய அன்னா பாவ்லோவா. 1920களின் கடைசியில் ஆஸ்திரேலியா போகிற கப்பலில் அவரோடு பயணம் செய்த ஒரு இளம்பெண், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். உன் நாட்டின் கலையையும் தேடிப் பார் என்று பாவ்லோவா அவரைத் திருப்பிவிட்டார். அந்தப் பெண் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935-இல் அடையாறில் மேடை ஏறி, 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ருக்மிணி தேவி அருண்டேல். பிறந்தது 1904-இல், நம் மதுரையில்.

பரதம் பார்க்கட்டும், நாடகம் பார்க்கட்டும், இதையும் பார்க்கட்டும் ஐயா. ஒன்று இன்னொன்றுக்குக் குறுக்கே நிற்பதில்லை.

ஏழாவது படிக்கும் மகன் வீடியோவில் பார்த்துவிட்டு பாலே கற்க வேண்டும் என்கிறான். ஆண் பிள்ளைக்கு இது சரியா? மதுரையில் இருந்துகொண்டு என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்

சரிதான். ஒரு ஆளைத் தலைக்கு மேல் தூக்கி, சிரித்த முகத்தோடு மெதுவாக இறக்கி வைப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மும்பையில் வெல்டிங் வேலை செய்பவரின் மகன் அமிருத்தீன் ஷா, குட்டிக்கரணமும் பிரேக் டான்ஸுமாகத் திரிந்தவர்தான். யெஹூதா மாவோர் என்ற ஆசிரியர் கண்ணில் பட்டு பாலே பயின்று, 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார்.

வீடியோவைப் பார்த்துத் தானாகக் காலைப் பிளக்க மட்டும் விடாதீர்கள், தசை கிழிந்தால் மாதக்கணக்கில் படுத்துவிடும். நேரில் திருத்தும் பாலே ஆசிரியர் கிடைக்கும் வரை ஜிம்னாஸ்டிக்ஸோ சிலம்பமோ பரதமோ, பக்கத்தில் எது ஒழுங்காக நடக்கிறதோ அதில் சேர்த்துவிடுங்கள். உடம்பு வளைவதும், தாளத்தில் நிற்பதும், ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்பதும் எங்கே போனாலும் கூட வரும். பள்ளி திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இந்த லீவிலேயே ஆரம்பிக்கட்டும்.