பாட்டுக்கு வாங்கிய பணம் வேறு, பாட்டு தரும் பணம் வேறு

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 38 வயது. நான்கு கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. 2013 முதல் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறேன். எழுபது பாடல்களுக்கு மேல் வெளியாகியிருக்கும். சாலிகிராமத்தில் வாடகை வீடு. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 30,000. மகளுக்கு 8 வயது. வீட்டுச் செலவு மாதம் 55,000 ஆகிறது. 2024-25-ல் நான் சம்பாதித்தது மொத்தமே 4 லட்சம். 2025-26-ல் ஒரு பெரிய படத்தில் எல்லாப் பாட்டும் எழுதியதற்கு 9 லட்சம் கிடைத்தது, மற்றவை சேர்த்து 14 லட்சம். பெரிய படத்துப் பணம் வரிப் பிடித்தம் போக 8,10,000 வங்கியில் இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கி 70,000, மனைவியின் நகையை வைத்து வாங்கிய கடன் 1,20,000. இசையமைப்பாளர் நண்பர் ஒருவர் தனிப்பாடல் ஆல்பம் தயாரிக்க 6 லட்சம் போட்டுக் கூட்டாளியாகச் சேரச் சொல்கிறார். மனைவி போரூர் பக்கம் 65 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக வருமான வரி ரிட்டர்ன் போடவில்லை. ராயல்டி என்று எதுவும் வந்ததில்லை. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். பதிமூன்று வருடம், எழுபது பாட்டு, ராயல்டி பூஜ்யம். ஃபிளாட், ஆல்பம் எல்லாம் அப்புறம். சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்தான அந்த எழுபது பாட்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தயாரிப்பாளர் கொடுத்தது எழுதிய வேலைக்கான சம்பளம். அதே பாட்டு எஃப்.எம்.மில் ஒலிக்கும்போதும், டிவியில் ஓடும்போதும், யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் கேட்கப்படும்போதும், மேடைக் கச்சேரியில் பாடப்படும்போதும் எழுதியவருக்கு ஒரு பங்கு உண்டு. இந்த உரிமை சும்மா வரவில்லை. தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதி வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அந்தப் பாட்டுக்கு அவரே முதல் உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு ஒரு தலைமுறைப் பாடலாசிரியர்கள் எழுதிக் கொடுத்ததோடு சரி. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதை விடாமல் பேசினார். பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2012 ஜூன் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர, பாட்டு வேறு எந்த வழியில் பயன்பட்டாலும் உரிமையை வாங்கியவருக்குச் சமமாக எழுதியவருக்கும் ராயல்டி உண்டு. அந்தப் பங்கை நீங்களே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதித் தரலாம். 'ராயல்டி உட்பட அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாகத் துறக்கிறேன்' என்ற வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம், பலரும் போட்டிருக்கிறார்கள். ராயல்டியைப் பொறுத்தவரை அந்த வரி செல்லாது. நீங்கள் எழுத வந்ததே 2013-ல் என்பதால் உங்கள் பாட்டு அத்தனைக்கும் இது பொருந்தும்.

ஆனால் பணம் தானாக வீடு தேடி வராது. இந்தியாவில் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் வசூலித்துத் தருவது மும்பையில் இருக்கும் ஐ.பி.ஆர்.எஸ். 1969-ல் தொடங்கிய சங்கம், 2017-ல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவு பெற்றது. நீங்கள் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் உங்கள் சார்பில் அது வசூலிக்க முடியும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும்: முதல் வரி, படம், இசையமைப்பாளர், பாடியவர், ஆண்டு, இசை நிறுவனம். இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் குறிப்பிடுங்கள். பாடலாசிரியர் பெயர் பல தளங்களில் விட்டுப்போயிருக்கும், சிலவற்றில் தவறாகவே இருக்கும். பொறுமையாக உட்கார்ந்து சரிபார்க்க வேண்டிய வேலை இது. வெளிநாட்டுச் சங்கங்களோடும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு ஒப்பந்தம் இருப்பதால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் வானொலியில் ஒலிக்கும் உங்கள் பாட்டுக்கும் கணக்கு உண்டு. எஃப்.எம். நிலையங்கள் பாடல் வரிக்கும் இசைக்கும் ராயல்டி தரத்தான் வேண்டும் என்று 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முதல் வருடம் என்ன வரும் என்று நான் தொகை சொல்ல மாட்டேன். எழுபதில் ஐந்தாறு பாட்டுதான் தொடர்ந்து ஒலிக்கும், பெரும்பகுதி அவற்றிலிருந்தே வரும். ஆனாலும் புதுப் படம் இல்லாத வருடத்திலும் வரக்கூடிய பணம் உங்களுக்கு இது ஒன்றுதான்.

அடுத்தது வரி. 10 சதவீதம் பிடித்தம் போனதோடு வேலை முடிந்தது என்று விட்டிருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ என்ற பிரிவின்படி, சில குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் மொத்த வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. அந்தத் தொழில்களில் திரைக்கலைஞர்களும் உண்டு, அந்தப் பட்டியலில் பாடலாசிரியரும் இருக்கிறார். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுடைய 14 லட்சத்தில் பாதி 7 லட்சம். 2025-26-க்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் 10 சதவீதம் பிடித்திருந்தால் 1,40,000 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தால் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டவர்கள் இருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும், உடனே கேளுங்கள். 2024-25-ன் 4 லட்சத்திலும் 40,000 வரை பிடித்திருப்பார்கள். அந்த வருடத்துக்கு ரிட்டர்ன் போடும் கெடு முடிந்துவிட்டது. தாமதத்தைப் பொறுத்து ரிட்டர்னை ஏற்கும்படி வருமான வரித்துறைக்கு மனு கொடுக்க வழி இருக்கிறது, ஒரு ஆடிட்டர் மூலம் செய்யுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, இந்தச் சலுகை தொடர்கிறது. ஜி.எஸ்.டி. பற்றிப் பயம் வேண்டாம், 20 லட்சத்துக்குக் கீழ்தான் இருக்கிறீர்கள்.

சரி, வங்கியில் இருக்கும் 8,10,000. முதலில் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டி முடியுங்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கடனை வைத்துக்கொண்டு வேறெதிலும் பணம் போடுவதில் அர்த்தமில்லை. அடுத்து நகையை மீட்டு மனைவியிடம் கொடுங்கள். மீதம் 6,20,000. இதை வாரக்கணக்கில் எடுத்துச் செலவு செய்யாதீர்கள். தனிக் கணக்கில், தேவைப்படும்போது எடுக்கக்கூடிய வைப்பு நிதியாக வையுங்கள். ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அதிலிருந்து 25,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். மனைவியின் சம்பளத்தோடு சேர்ந்தால் வீட்டுச் செலவு சரியாகிவிடும். புதுப் பட வாய்ப்பே வராவிட்டாலும் இந்தப் பணம் இரண்டு வருடம் தாங்கும். குளத்து மதகு மாதிரி, மழை எப்போது பெய்தாலும் வயலுக்கு ஒரே அளவில் தண்ணீர் போகும். இனி எந்தப் படத்துப் பணம் வந்தாலும் அந்தக் கணக்குக்கே போகட்டும். வாடகைக்காக ஒப்புக்கொள்ளும் மோசமான படங்களையும் இதனால் தவிர்க்கலாம். உங்கள் எழுத்துக்கு அதுவே பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

ஆல்பத்துக்கு 6 லட்சம் போடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' 1958-ல் நன்றாக ஓடியது. அந்தத் தெம்பில் 'சிவகங்கைச் சீமை', 'கவலை இல்லாத மனிதன்' என்று தொடர்ந்து எடுத்துப் பெருங்கடனில் விழுந்தார். அத்தனை பாட்டு எழுதிச் சம்பாதித்தும் அந்தக் கடன் அவரைப் பல வருடம் துரத்தியது. தயாரிப்பு என்பது தனித் தொழில். உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம், "பணம் போட முடியாது, பாட்டு எழுதித் தருகிறேன், சம்பளமும் வேண்டாம், வரும் வருமானத்தில் எழுத்தாளர் பங்கோடு தயாரிப்பிலும் ஒரு பங்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவருக்குத் தேவைப்பட்டது பணம் மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஃபிளாட் விஷயத்தில் உங்கள் மனைவியின் ஆசை நியாயமானது. ஆனால் இப்போது வேண்டாம். 50 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் 43,400 ரூபாய் வரும். 4 லட்சம் சம்பாதித்த வருடத்தில் எப்படிக் கட்டுவீர்கள்? அதுவும் போக, ரிட்டர்ன் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. மூன்று வருடம் ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள். பாதி வருமானம் மட்டும் காட்டினால் கிடைக்கும் கடனும் குறையும். வீடு வாங்கப்போகும் வருடங்களில் உண்மையில் மிஞ்சியதைக் கூடுதலாகக் காட்டுவது நல்லது, அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் மறைந்தபோது அவருக்கு வயது 29. நா. முத்துக்குமார் 2016-ல் போனபோது 41. இருவரும் புகழின் உச்சியில் இருந்தவர்கள். உங்களுக்கு ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இந்த மாதமே எடுங்கள். சேமிப்போடு கலந்த பாலிசி வேண்டாம். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால், நாளைக்கு உங்களுக்கு எந்தக் கடன் வந்தாலும் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது, அது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான். மூவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் எடுங்கள். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. முதல் வருடப் பிரீமியத்துக்கு அந்த வைப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் வரிப் பணத்தில் அதை நிரப்பிவிடலாம்.

மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் சுகன்யா சம்ரிதி என்ற செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கிவிடுங்கள். வட்டியை அரசு காலாண்டுக்கு ஒரு முறை அறிவிக்கும், 2024 தொடக்கத்திலிருந்து 8.2 சதவீதமாக இருந்து வருகிறது. வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், நல்ல வருடத்தில் ஒன்றரை லட்சம் வரை போடலாம். மாதத் தவணைக் கட்டாயம் இல்லாததால் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தம். உங்கள் பெயரில் பி.பி.எஃப். கணக்கும் இதே காரணத்துக்காக நல்லது.

கவிதைத் தொகுப்புகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பதிப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? எத்தனை பிரதி அச்சானது, நூலக ஆணை கிடைத்ததா, புத்தகக் காட்சியில் எவ்வளவு போனது என்று வருடக் கணக்குக் கேட்டு வாங்குங்கள். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் படத்துக்கு எழுதிய வரிக்கு இன்னொருவர் உரிமையாளர், கவிதைக்கு நீங்கள் மட்டும்தான்.

பதிப்புரிமை உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 வருடம் இருக்கும். 1981-ல் மறைந்த கண்ணதாசனின் நூல்களுக்கு 2041 முடிய உரிமை உண்டு. அதனால் உயில் எழுதும்போது வங்கிக் கணக்கு, நகையோடு நிறுத்தாமல், நூல்கள், பாடல்களின் பதிப்புரிமையும் ராயல்டியும் யாருக்கு என்று பெயரோடு எழுதுங்கள். ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் வாரிசாக மனைவியைப் பதியுங்கள்.

எழுபது பாட்டின் பட்டியலை மனைவியும் நீங்களும் சேர்ந்தே தயாரியுங்கள், ஒரு நகல் அவரிடம் இருக்கட்டும். பழைய ஒப்பந்தங்கள் கையில் இல்லாத படங்களுக்குத் தயாரிப்பு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் நகல் கேளுங்கள். மூடிப்போன நிறுவனம் என்றால், அந்தப் படத்தின் பாடல்களை வெளியிட்ட இசை நிறுவனத்துக்கு எழுதுங்கள்.